ஏழாம் பாடல் சிதைந்து போயிற்று

1

இக்கதை எவ்வாறு பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லத் துணிவு இருக்குமோ, இராதோ.

தண்டையார்பேட்டையில் ஹபீபுல்லா பாயின் பழைய இரும்புக் கிடங்கில் உலோகம் தரம் பிரிக்கும் மலிகா, சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கான விடை என்னிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. அது அவளுடைய உடம்பைப் பற்றியது. வருகிற திங்கட்கிழமை அவள் அரசு மருத்துவமனைக்குப் போகிறாள். அதற்குள் அந்த விடை அவளிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை. "தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், கதையாக எழுதி அடுத்த ஞாயிறு அவளுக்கு வாசித்துக் காட்டிவிடலாம் என்று ஓர் எண்ணம் தோன்றியது. இன்று வியாழன்.

(பேருந்தில் ஏறியவனுக்குத் திரும்பி இறங்கவும் தெரிந்திருக்கும், அதற்கு ஒரு கதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நானும் அதைத்தான் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "கீழைக் கடலின் வெண்டிரைகள் காசிமேட்டுக் கற்களில் மோதி உடையும் அந்திப் பொழுதில், துறைமுகத்தின் நெடும் பளுதூக்கிகள் தவம் செய்யும் நாரைகளைப் போல..."

[நிறுத்தினேன். கடலை அழைத்தால் கடல் வரும். நாரையை அழைத்தால் நாரை வரும். நான் வரமாட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "உலகப் போர் முடிந்ததும் அந்நியர் விட்டுச் சென்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்களை நம் விமானப்படையினர் செப்பனிட்டு, மேலும் இருபது ஆண்டுகள் பறக்கவிட்டனர். லிபரேட்டர் என்பது அவற்றின் பெயர். அவ்வாறு பறந்து ஓய்ந்த ஒன்றின் முகப்புப் பகுதி, விமானிகள் அமரும் அறையோடு சேர்த்து அறுக்கப்பட்டு..."

[இதில் பொய் இல்லை. ஆனால் வரலாற்றாசிரியனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசினால் யாரும் என் கையைப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருக்கிறது.]

மூன்றாம் தொடக்கம்: "சின்னப்பையன் என்றொரு கிழவர் இரும்புக் கிடங்கில் வேலை செய்தார். அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. வாழ்ந்து முடித்தவர். எதற்கும் வருந்தாதவர். அவருக்கு ஒரு நாள்..."

[மூன்றில் இதுவே இழிவானது. மலிகாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கௌசர் என்று ஒரு மகள் இருக்கிறாள். தைத்த சட்டைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தில் காஜா எடுக்கிறாள். மலிகாவை நான் கிழவராக்கினேன், மகளை அழித்தேன், அவருக்கு என்ன நேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது என்று வாசகர் நினைக்கும்படி செய்தேன். இத்தனைக்கும் எனக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. எழுதத் தெரிந்தவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்கு அந்தக் கிழவரே சாட்சி. அவரை நீக்கிவிட்டேன். ஆனால் அடித்த கோட்டை மறைக்கவில்லை.]

3

என் தந்தையார் தெற்கேயிருந்து வந்து இராயபுரத்தில் பருப்பு மொத்தக் கடை வைத்தவர். அந்தக் கடையை நாற்பது ஆண்டுகள் நடத்தி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, திருவொற்றியூர்க் கோயிலில் மாலைதோறும் பதிகம் பாடுகிறவன் நான். வடசென்னையில் எனக்குப் பெயர் அண்ணாச்சி. பாடுவதால் சிலருக்குப் பாட்டு அண்ணாச்சி. சொந்தப் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன், கடைத் தராசுக்கு ஒரு பித்தளைத் தட்டுத் தேடிப் பாயின் கிடங்கிற்குப் போனேன். மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே ஏதோ ஒரு யானை அளவுக்கு இருந்தது. பழைய லிபரேட்டர் விமானத்தின் தலை அது, தம் தந்தையார் காலத்தில் எடைக்கு வாங்கியது என்றும், எடைக்கே விற்க மனம் வராமல் கிடக்கிறது என்றும் பாய் சொன்னார். ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். முட்டுக்கொடுத்திருந்த பலகையில் ஏறி, குனிந்து நுழைந்து, இடப்பக்க இருக்கையின் சட்டத்தில் உட்கார்ந்தேன்.

எதிரே அளவுக் கருவிகளின் இருபத்திரண்டு வட்ட முகங்கள். உயரம் சொல்வது ஒன்று; வேகம் சொல்வது ஒன்று; சாய்வு சொல்வது ஒன்று. எல்லாவற்றிலும் முள் கீழே கிடந்தது. எண்களின் மேல் மஞ்சள் மை உலர்ந்து ஓடு தட்டியிருந்தது. வலக்கைக்கு எட்டும் இடத்தில், நான்கு என்ஜின்களுக்கு நான்கு நெம்புகோல்கள். மனிதன் ஒருவன் உட்காரத்தக்க இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் அறிவால் நிரம்பியிருந்தது.

கருவறை வாயிலில் நிற்கும்போது ஒரு மெய்ந்நடுக்கம் வரவேண்டும். பல ஆண்டுகளாக எனக்கு அது வந்ததில்லை. வந்ததாகப் பாடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு, கீழே இரும்பு வெட்டும் ஓசைக்கு நடுவே, ஊர்களை எரிக்கச் செய்த எந்திரத்தின் தலைக்குள் உட்கார்ந்திருந்த என் கையில் மயிர் சிலிர்த்தது.

இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கதையில் உள்ள வெட்கங்களுள் சிறியது இது.

4

என்னைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பழைய குண்டுவீச்சு விமானங்களின் விமானி அறைகளை மட்டும் படம் பிடித்துத் தொகுக்கிறவர்கள். எந்த முகம் எந்த வரிசையில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள். ஒற்றைத் திருகாணிக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கடிதம் எழுதுகிறவர்கள். சித்தார்த் என்பவன்தான் அவர்களைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினான்.

சித்தார்த் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். வாரமெல்லாம் பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை நகராத விமானத்தில் உட்கார வருவான். ஏனப்பா என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "அங்க எறக்கி வெக்கறதெல்லாம் எவனோ அனுப்ன பொட்டி, அண்ணாச்சி. இங்க எதையும் எறக்க வேணாம். சும்மா குந்திகினு இருக்கலாம்."

அந்த அறைக்கு உயிர் கொடுத்தவர் எபினேசர். பெரம்பூர் ரயில் பெட்டிப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இல்லாத மிதிகளை வார்த்தார்; இருக்கைச் சட்டங்களை நிமிர்த்தினார்; நெம்புகோல்கள் மீண்டும் வழுக்கி நகரச் செய்தார். கண்ணில் புரை வளர்ந்திருந்ததால் படிக்கத்தான் முடியாது. விரலால் எல்லாம் தெரியும்.

ஞாயிறு நான்கு மணிக்குக் கூடுவோம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். மூன்று ஞாயிறு வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவருக்கே இடப்பக்கம். இது எபினேசரின் விதி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். இது என் விதி. நெம்புகோல்களுக்கு அருகே உள்ள சிவப்புப் பிடியை எவரும் தொடுவதில்லை. அது அவசரத்தில் குண்டுகளை மொத்தமாக உதிர்ப்பதற்கானது. அதற்கு யாரும் விதி செய்யவில்லை, தானாகவே அமைந்துவிட்டது.

நேரம் முடிந்ததைச் சொல்பவள் மலிகா. கூரையிலிருந்து தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓர் அடி. நான் கொஞ்சம் தாமதித்தால் இரண்டாவது அடி. "எறங்கு அண்ணாச்சி. மெட்ராஸ் வந்துட்ச்சி."

5

அயல்நாட்டு ஆர்வலர் சங்கம் ஒன்று, இத்தகைய அறைகளைப் பேணுவது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டிருந்தது. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம், பத்து இயல்கள். சித்தார்த் அதை அச்செடுத்து வந்தான். அவன் படிக்கவில்லை; நீளமாக இருக்கிறதாம். எபினேசர், "அண்ணாச்சி, நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா அதுல தப்பு இருக்காது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலமுறை எழுதி அழித்தேன். அவர் உண்மையில் அப்படித்தான் சொன்னார். ஆகவே இருக்கட்டும்.

எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த முறையில். ஒவ்வோர் இயலுக்கும் ஒரு செய்யுள். அதன் கீழே உரை. கோடு போட்ட குறிப்பேட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். படிக்கட்டு, இருக்கை, மிதி, திசைச்சக்கரம் என்று ஒவ்வொன்றையும் பாடினேன். நெம்புகோல்களைப் பற்றிய ஐந்தாம் செய்யுள் இப்படித் தொடங்கும்:

நால்வகைப் பொறியும் நாவடங்கி நிற்ப
மேல்வரு காற்றை விரல்நுனி அளக்கும்

ஞாயிறுதோறும் நான் பாட, எபினேசர் அந்தந்த உறுப்பைத் தொட்டு "ஆச்சு" என்பார். பெரம்பூர்த் தேவாலயத்தில் "ஆமென்" சொல்லிப் பழகிய குரல். "ஆச்சு"வும் அதே சுருதியில் வரும்.

ஒன்பதாம் செய்யுளில் மட்டும் அவர் தயங்கினார். சிவப்புப் பிடியைப் பற்றியது அது. செம்பிடி தொட்டிடச் செழுமலர் சொரியும் என்று எழுதியிருந்தேன்.

"மலரா?" என்றார்.

வானிலிருந்து விழுவதை அப்படிச் சொல்வது மரபு என்றேன்.

"அது குண்டு, அண்ணாச்சி. எங்க பட்டறையில பிரேக்க பிரேக்குன்னுதான் சொல்லுவோம். வேற பேரு வெச்சா வண்டி நிக்காது."

அப்போது கீழே பித்தளையையும் செம்பையும் வேறு வேறு கூடையில் எறிந்துகொண்டிருந்த மலிகா தலையை உயர்த்தினாள். "பெடலு வருது, ஸ்க்ரூ வருது, சீட்டு வருது. உன் பாட்டுல நான் எங்க வரேன் அண்ணாச்சி?"

எல்லாரும் சிரித்தோம்.

6

மலிகாவைப் பற்றி எழுதும்போது என் நடை தானாகவே உயர்ந்துவிடுகிறது. உழைக்கும் பெண்ணை வாழ்த்திவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிற நடை அது. எனவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவள் காந்தத்தை வளையலோடு சேர்த்து நூலில் கட்டியிருப்பாள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அரத்தால் ஒரு கீறல், நிறம் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் கல்லில் தட்டிக் காதருகே கொண்டுபோவாள். எந்தப் பொருளையும் கீறியவுடன் தூசியை வாயால் ஊதிவிட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். ஒரு நாளைக்கு நூறு முறை ஊதுவாள். இரும்புக் கிடங்கில் எல்லாரும் அப்படித்தான்.

விமானி அறையில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கூப்பிட்டால், "எனக்கு வேல கீது. நீங்க ஓட்டுங்க" என்பாள்.

சென்ற ஞாயிறு, எல்லாரும் போனபின், தேநீர் டம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "கீழ்ப் பல்லு ரெண்டு ஆடிச்சு, புடுங்கிட்டாங்க. புடுங்கின எடம் மூணு மாசமா ஆறல. டாக்டரம்மா கேக்குது, இன்னா வேலமா செய்ற, கைல இன்னா இன்னா தொடுறேன்னு. இரும்பு, பித்தளை, அலுமினியம்னு சொன்னேன். வேற எதுனா தொட்டியான்னு நல்லா யோசிச்சிகினு திங்கக்கெழம வான்னுட்ச்சி." என்னை நேராகப் பார்த்தாள். "நீ படிச்சவன். சொல்லு அண்ணாச்சி. வேற இன்னா தொட்டேன் நானு?"

நான் சொன்ன பதிலை முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன்.

7

[இக்கதையின் ஏழாம் பகுதி சிதைந்து போயிற்று.]

8

பதிகம் படித்துப் பழகியவர்கள் மேலே உள்ள வரியைக் கண்டு திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். பழைய பதிப்புகளில் அடிக்கடி காண்பதுதான். கரையான் அரித்த ஏட்டில் ஒரு பாடல் போய்விட்டால், பதிப்பாசிரியர் அதன் எண்ணை மட்டும் இட்டு, சிதைந்து போயிற்று என்று எழுதுவார். நாம் மனத்துக்குள் ஒரு பெருமூச்சு விட்டு எட்டாம் பாடலுக்குப் போவோம். காலம் செய்த குற்றத்துக்கு யாரைக் கேட்பது?

நீங்களும் இப்போது அப்படித்தான் எட்டுக்கு வந்திருக்கிறீர்கள். எபினேசரும் அப்படித்தான் வந்தார்.

கையேட்டின் ஏழாம் இயல் அந்த வட்ட முகங்களைப் பற்றியது. முப்பத்தோராம் பக்கம். அதில் கட்டம் கட்டி ஒரு பத்தி இருந்தது. அதை நான் தெளிவாகப் படித்தேன், அகராதியும் பார்த்தேன். பிறகு குறிப்பேட்டில் "ஏழு" என்று எண் இட்டு, அதன் கீழே, என் அழகான கையெழுத்தில், இப்பாடலும் உரையும் சிதைந்து போயின என்று எழுதினேன்.

* அடிக்குறிப்பு: அச்செடுத்த தாளைக் கரையான் அரிக்கவில்லை. அது என் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

* மற்றோர் அடிக்குறிப்பு: ஞாயிறுதோறும் ஆறாம் செய்யுள் முடிந்ததும் நாங்கள் சற்று நேரம் மௌனமாக இருப்போம். இழந்த பாடலுக்கு மரியாதை என்று எபினேசர் தொடங்கிவைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மௌனத்தில் நான் தலை குனிந்து நின்றிருக்கிறேன்.

ஏன் விட்டேன்? அந்தப் பத்தி எபினேசர் காதில் விழுந்தால் அன்றே அறையைப் பூட்டியிருப்பார். பட்டறையில் எச்சரிக்கைப் பலகையை வேதவாக்காக மதித்தவர். ஹபீபுல்லா பாய் அதிகாரிகளுக்கு அஞ்சி அந்த விமானத் தலையையே அவர்களிடம் ஒப்படைத்திருப்பார். என் ஞாயிறு போய்விடும். அந்தச் சிலிர்ப்பு போய்விடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன், இல்லை.

எங்கள் திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் ஒரு பெண்ணுக்குச் சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியவருக்கு, தாண்டிய அக்கணமே கண் போயிற்று என்பது கோயில் வரலாறு. நாள்தோறும் அந்த மரத்தைச் சுற்றிவருகிறேன். எனக்குக் கண் போகவில்லை. எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

9

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆயுத பூஜை. இந்தக் காட்சியை இரண்டு விதமாக எழுதினேன். முதல் விதம்:

"பூஜைக்காக முகங்களைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. எபினேசர் அவற்றை மூடியிருந்த கண்ணாடிகளைக் கழற்றினார். பழைய மஞ்சள் மையைச் சுரண்டி எடுக்க மலிகா பிளேடைக் கையில் எடுத்தாள். அக்கணத்தில் நான், 'நிறுத்து மலிகா!' என்று கூவினேன். கிடங்கே அதிர்ந்தது. என் கண்களில்..."

[கூவவில்லை. கிடங்கு அதிரவில்லை. என் கண்களில் ஒன்றுமில்லை.]

இரண்டாம் விதம்:

முகங்களைப் புதுப்பிக்கலாம் என்று சொன்னவனே நான். எண்கள் பொலிவிழந்து கிடப்பது பூஜைக்கு அழகல்ல என்றேன். இரும்புத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆயுத பூஜைக்கு முன் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பளபளக்க வைப்பது ஆண்டு வழக்கம். தராசைத் தேய்ப்பார்கள், வெட்டும் கத்திரியைத் தேய்ப்பார்கள். அன்று அந்த வழக்கத்தின் வரிசையில் இருபத்திரண்டு முகங்களையும் நான் சேர்த்துவிட்டேன். சுரண்டுவதில் மலிகாவின் கைக்கு நிகர் யாருமில்லை. அதையும் நானே சொன்னேன்.

எபினேசர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கண்ணாடிகளைக் கழற்றினார், பட்டறைப் பழக்கம். மலிகாவையும் கட்டச் சொன்னார். புழுக்கமாக இருக்கிறது என்று அவள் மறுத்தாள். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத் துணி கட்டணும்னு புஸ்தகத்துல எதாச்சும் போட்டிருக்கா, அண்ணாச்சி?"

சின்னக் கேள்வி. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று போதும். எனக்கு இன்னும் வழி திறந்திருந்தது. அதை இப்போதும் கண்முன் காண்கிறேன். கிடங்கின் வாசல் அகலத் திறந்திருந்தது.

"அந்தப் பகுதி சிதைந்து போச்சுங்க" என்றேன்.

"அடடா" என்றார் எபினேசர். மலிகா பிளேடை எடுத்தாள்.

10

முடிவுகள்.

முதல் முடிவு: ஞாயிறு மாலை நான் வாசிக்கிறேன். மலிகா கேட்கிறாள். கொதித்தெழுந்து குறிப்பேட்டைக் கிழித்தெறிகிறாள். நான் அடியேற்று நிற்கிறேன். [இதில் எனக்கு நல்ல வேடம். தண்டிக்கப்பட்டவனுக்கு மக்கள் இரங்குவார்கள்.]

இரண்டாம் முடிவு: வாசிக்கிறேன். அவள் சிரிக்கிறாள். "போ அண்ணாச்சி, இத்தினி வருசம் இந்தத் தூசியில கீறேன், எனுக்கு இன்னா ஆவப்போவுது" என்கிறாள். [அவளே என்னை மன்னிக்கும்படி நானே எழுதிக்கொள்வது. அவள் பேச்சை எனக்கு நன்றாக எழுத வருகிறது. ஆகவே இதுதான் மூன்றிலும் திருட்டுத்தனமானது.]

மூன்றாம் முடிவு: பெயரில்லாமல் ஒரு கடிதத்தில் அந்தப் பத்தியை எழுதி மருத்துவருக்கு அனுப்பிவிடுகிறேன். மலிகாவுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. ஞாயிறு தொடர்கிறது. [நேற்று மாலை அஞ்சல் உறை வாங்கினேன். முகவரி எழுதினேன். கிழித்தேன். கிழித்ததைச் சொல்வதில் ஒரு பெருமை தொனிக்கிறது. வாங்கியதை மட்டும் நினைவில் கொள்க.]

நான்காவதாக ஒரு முடிவு என்னிடம் இல்லை. அவளுடைய புண்ணுக்கும் அந்த மஞ்சள் மைக்கும் தொடர்பு உண்டா என்பதே எனக்குத் தெரியாது. இருக்கலாம், அவள் போடும் வெற்றிலையாகவும் இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். மருத்துவருக்குத் தெரியும், அவரிடம் முழுப் பட்டியல் போய்ச் சேர்ந்தால். தொடர்பு இல்லை என்று தெரியவந்தால் நான் குற்றமற்றவன் ஆகிவிடுவேனா என்று ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

11

பதிகத்தின் பதினோராம் பாடல் கடைக்காப்பு. பாடியவன் தன் பெயரைச் சொல்லி, இப்பாடல்களைப் பாடுவோர் இன்ன பலன் அடைவர் என்று முடிப்பான். தன் பெயரை இட்டவன் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பாளி.

குறிப்பேட்டில் கடைக்காப்பு எழுதியிருந்தேன். ஐந்தாம் வயதிலிருந்து கற்ற யாப்பெல்லாம் அதில் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, மோனை கெடாமல். ஏழாவது இல்லாத ஒன்றுக்குப் பெயர் இட்டிருக்கிறேன்.

இராயபுரம் வெள்ளத்துரை எழுதியது இது. பலன் எதுவும் சொல்வதற்கில்லை.

இனி ஏழாம் பகுதியை எழுத வேண்டும். அதில் உவமை இராது. கிடங்கிற்கு உள்ளே வைத்து வாசிக்க மாட்டேன். அந்த முகங்கள் அங்கே இருக்கின்றன. வாசலில், சாலையோரத்தில், எபினேசரையும் சித்தார்த்தையும் பாயையும் வைத்துக்கொண்டு வாசிப்பேன். அவர்களும் அந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுத்தார்கள். எழுத்துத் தமிழில் வாசித்தால் நான் மறுபடியும் ஒளிந்துகொள்வேன். எனவே வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதுகிறேன்.

அதன்பின் வரவேண்டிய வரி மலிகாவுடையது. அதை நான் எழுத மாட்டேன். வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டால் நீங்களும் எழுதாதீர்கள். தண்டையார்பேட்டைக்கு வந்து அவளிடம் கேளுங்கள். நான் வாசித்தேனா என்பதையும் அவளிடமே கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.

7

மலிகா, வேற என்ன தொட்டேன்னு கேட்ட. சொல்லுதேன்.

அந்தப் பிளேன் மீட்டர்ல இருந்த மஞ்சள் மையி. அதுல ரேடியம் இருக்கு. இருட்டுல எண்ணு தெரியணும்னு அந்தக் காலத்துல பூசினது. வெளிச்சம் எப்பவோ செத்துப்போச்சு. விஷம் சாகலை. ஆயிரம் வருஷம் ஆனாலும் சாகாது. கண்ணாடியத் தொறக்காத, சொரண்டாத, தூசிய மூச்சுல இழுக்காதன்னு அந்தப் புஸ்தகத்துல கட்டம் போட்டு எழுதியிருக்கு. முப்பத்தோராம் பக்கம். அது சிதைஞ்சு போகலை. நான் மறைச்சேன்.

நீ மூணு நாள் மத்தியானம் இருபத்திரண்டு மீட்டரைச் சொரண்டின. ஒவ்வொரு எண்ணையும் சொரண்டிட்டு, வாயால ஊதின. முந்தானையால தொடச்ச. அதோடயே வீட்டுக்குப் போன. உனக்கு நல்லாத் தெரியணும்னு பக்கத்துல டார்ச் பிடிச்சிட்டு நின்னது நான். அந்த வெளிச்சத்துல தூசி பறந்தத நான் பார்த்தேன். நீ ஊதும்போதெல்லாம் நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சிருந்துது. அதனாலதான் பிடிச்சுக்கிட்டேன்.

அந்தத் தாளு இந்தா. அடியில தமிழ்ல எழுதியிருக்கேன். திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்ட இதைக் குடு. வேற என்ன தொட்டேன்னு கேட்டா, இதுதான். நான் கூட வரணும்னா வாரேன். வரக் கூடாதுன்னா வரலை. எபினேசர், நீங்க இன்னைக்கே அந்த ரூமைப் பூட்டுங்க. யாரும் ஏறக் கூடாது. நானும்.

அன்னைக்கு ஒண்ணு கேட்ட, மலிகா. என் பாட்டுல நீ எங்க வாரேன்னு.

ஏழாவதுல.